ஆறாவதாக எடுத்த ஆள்

என் பெயர் கஜரூபன். வயது இருபத்தேழு. பாரிஸில் லாச்சப்பலில், ரயில் பாதைக்குப் பின்பக்கத் தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில் இருக்கிறேன். இன்றைக்குத் திங்கட்கிழமை, நான் வேலை செய்கிற ரெஸ்ரோறன்ட் பூட்டு. உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு இதைப் போனுக்குச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. சாம்பவி அக்கா, ஊரில் அம்மாவோடு இருப்பது நீங்கள், இதை முதலில் நீங்கள் வாசியுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதா என்பதைப் பிறகு நீங்களே யோசியுங்கள்.

இங்கே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆள் எடுப்பு என்கிற விளையாட்டில் வென்றவர், அடுத்த பருவம் தொடங்குமுன், தான் எடுத்த ஆறு பேரும் எப்படிப் போனார்கள் என்று எழுதி வீட்டுக் குறூப்பில் போட வேண்டும். யாரை ஏன் எடுத்தேன், எங்கே பிழைத்தது, எது புத்தி, எது அதிர்ஷ்டம். 2018ஆம் ஆண்டுப் பருவத்தில் வென்றது நான். வருகிற ஞாயிறு புது ஆள் எடுப்பு என்பதால் நேற்று எழுதிப் போட்டேன். ஐந்து பேரைப் பற்றி எழுதியது சரி. ஆறாவது ஆளைப் பற்றி எழுதியது முழுதாக இல்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். என்னோடு கோப்பை கழுவுகிற ஜெர்மேன் மார்த்தினிக் தீவுக்காரன், அமெரிக்க பேஸ்போல் என்றால் பைத்தியம். பருவம் தொடங்குமுன் அவனும் கூட்டாளிகளும் முறை வைத்து விளையாட்டுக்காரர்களைப் பிரித்து எடுப்பார்கள். ஒருவன் எடுத்த ஆளை மற்றவன் எடுக்க முடியாது. அந்த ஆள் உண்மையான மட்சில் நன்றாகச் செய்தால் எடுத்தவனுக்குப் புள்ளி. பேஸ்போல் எங்களில் யாருக்குத் தெரியும். ஆனால் சார்செல், ஓல்னே, ஆர்ஜொந்தெய் பக்கத்து மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுடைய ஆட்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். எட்டு அணி. அதை வைத்து நாங்கள் ஆரம்பித்தோம். ஓட்டத்துக்கு ஒரு புள்ளி, கட்ச்சுக்குப் பத்து, விக்கெட்டுக்கு இருபது. எடுத்த ஆளைப் பருவம் முடியும்வரை மாற்ற முடியாது. அவர் மட்சுக்கு வராவிட்டால் அன்றைக்குச் சைபர்.

பரிசு கட்டில். வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம், இரண்டு அறை, நாலு கட்டில். ஒன்று வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிற இரத்தினம் அண்ணையுடையது, அதில் போட்டியில்லை. மற்ற மூன்றும் ஆள் எடுப்பில் முதல் மூன்று இடம் வந்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு. வென்றவருக்கு ஜன்னல் கட்டில். மற்றவர்களுக்கு நிலத்தில் மெத்தை. கடைசியாக வந்தவருக்கு வாசல் கதவுக்கும் கக்கூசுக்கும் நடுவில் உள்ள ஓடை. இரண்டு வருஷம் நான் அதில்தான் படுத்தேன். வேலைக்குப் போகிறவர்கள் கடந்து போவார்கள். யாரும் வேண்டுமென்று மிதித்ததில்லை. வீடியோவில் கதைக்கும்போது என் கட்டிலைக் காட்டச் சொல்லி அம்மா கேட்பா. இரத்தினம் அண்ணையின் கட்டிலைக் காட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவதாக எடுத்தது ஆர்ஜொந்தெய் அணியின் தொடக்க ஆட்டக்காரரை. போன பருவத்தில் அவர் முந்நூறு ஓட்டம் அடித்தவர். இரண்டாவது மட்சுக்கு முதல்நாள் இறைச்சிக்கடையில் விரலை வெட்டிக்கொண்டார். பருவம் முழுக்க நாற்பத்தொரு ஓட்டம். இரண்டாவது சார்செல் விக்கெட் காப்பாளர் கிருஷிகன், அது நல்ல தெரிவு. மூன்றாவது ஆள் மாமாவின் மகளுடைய சாமத்தியச் சடங்குக்குச் சுவிஸ் போய் மூன்று கிழமை நின்றுவிட்டார். நாலாவதுக்கு முழங்கால். ஐந்தாவது ஆள் நடுவரோடு கொழுவி இரண்டு மட்ச் வெளியே நின்றார்.

"டேய் கஜன், நீ எடுத்தது டீம் இல்லை, ஆசுப்பத்திரி வார்ட்" என்றார் இரத்தினம் அண்ணை. "ஓடையிலை உனக்கு ஒரு பெயர்ப்பலகை அடிச்சு விடுறன், நிரந்தரமா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறாவதாக எடுத்தது துஷ்யந்தன் அண்ணையை. நீங்கள் அறிவீர்கள், ஊரில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கை தர்மிளா அக்காவின் புருஷன். இங்கே எங்கள் வீட்டில்தான் குசினியில் படுத்தார். மட்ச் விளையாடுகிறவர்கள் ஆள் எடுப்பில் சேர முடியாது என்பதால் அவருக்குக் கட்டிலுக்கு வழியில்லை. அதைப் பற்றி அவர் குறைசொன்னதும் இல்லை. ஓல்னே அணிக்குச் சுழல் பந்து போடுவார். பருவத்துக்கு இருபது விக்கெட் நிச்சயம். அப்படியிருந்தும் ஆறாவது சுற்று வரை அவரை யாரும் தொடவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அகதி வழக்கு அப்பீலில் இருந்தது. எந்த நேரமும் தவணை, அதாவது விசாரணைத் தேதி, வரலாம்.

இங்கே தவணை வந்தால் ஒரு மாதம் கேஸ் பாடமாக்குவார்கள். எந்தத் தேதி பிடித்தார்கள், எந்த முகாம், கதவு எந்தப் பக்கம், எத்தனை பேர் நின்றார்கள் என்று நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே அது நடந்தவர்களுக்குத்தான் கூடக் கஷ்டம், அவர்கள் தேதிகளை மறக்கப் பார்த்தவர்கள். துஷ்யந்தன் அண்ணை எப்போதோ சொல்லிவிட்டார்: "தவணை வந்துதெண்டால் அந்த மாதம் பந்தைத் தொடமாட்டன் தம்பி. தர்மிளாவைக் கூப்பிடுறதெண்டால் இது ஒண்டுதான் வழி."

அதனால் அவரை எடுப்பது மடைத்தனம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் எடுத்தேன். தபால் பெட்டியைத் திறக்கிற திறப்பு என்னிடம்தான் இருந்தது. கட்டடத்தில் எங்கள் பெட்டியில் ஒன்பது பெயர் ஒட்டியிருக்கும். கொஞ்சம் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவன் நான் என்பதால் கடிதங்களை எடுத்துப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அவரை எடுக்கும்போது நான் அதை நினைக்கவில்லை. இதை நம்புங்கள் அக்கா.

மே மாதம் முதற்கிழமை, ஒரு வியாழக்கிழமை, பெட்டியில் தபால்காரர் விட்டுப்போன துண்டு கிடந்தது. துஷ்யந்தன் அண்ணையின் பெயர். பதிவுத் தபால் வந்திருக்கிறது, பதினைந்து நாளுக்குள் தபாற்கந்தோருக்கு அடையாள அட்டையோடு வந்து எடு என்று. அனுப்பியது கோட், அகதி வழக்கு நீதிமன்றம். அன்றைக்கு என் புள்ளி மூன்றாவது இடத்தில் நின்றது. இன்னும் ஐந்து மட்ச். ஞாயிற்றுக்கிழமை ஓல்னேக்குப் பலமில்லாத அணியோடு ஆட்டம், அவர் நாலு விக்கெட்டாவது எடுப்பார். பதினைந்து நாள் இருக்கிறதே, திங்கட்கிழமை கொடுப்போம் என்று துண்டைச் சட்டைப் பையில் வைத்தேன்.

அவர் ஐந்து விக்கெட் எடுத்தார். திங்கட்கிழமை கொடுத்திருக்கலாம். ஆனால் துண்டில் வியாழன் தேதி இருந்தது. ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தாய் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த ஞாயிறு வந்தது. எனக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அந்தத் துண்டைக் கிழித்திருப்பேன். நான் கிழிக்கவில்லை. பதினைந்து நாள் முடிந்ததும் கடிதம் திரும்பிப் போயிற்று, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு போன் வந்தது. அவருடைய வழக்கில் தொடர்பு எண் என்னுடையது. லோயர் கந்தோரில் மொழிபெயர்க்கிற மரியான் அக்கா, பாண்டிச்சேரிக்காரி.

"தம்பி, மரியான் பேசறேன். துஷ்யந்தனுக்குக் கோர்ட்லேர்ந்து கடுதாசி வந்துருக்கணுமே. எங்களுக்கு வந்துடுச்சு. ஜூன் பன்னண்டு, செவ்வாக்கிழமை, காலைல ஒம்பது மணி."

"ஓம் அக்கா."

"அதுக்கு முன்னால வக்கீலம்மாவப் பாக்க ரெண்டு ரான்தேவு குடுக்கறேன், கூட்டிட்டு வா. நல்ல கேஸுப்பா இது. டாக்டர் சர்டிபிக்கேட் அப்படியே ஒத்துப் போவுது. வக்கீலம்மா இந்த மாதிரி நம்பிக்கையா பேசி நான் பாத்ததில்ல. அவர் வந்து உக்காந்து தன் வாயால சொன்னா போதும்."

"நான் சொல்லுறன் அக்கா."

குசினியில் துஷ்யந்தன் அண்ணை கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். சொல்லத்தான் போனேன். "என்ன தம்பி, உப்புப் பார்க்கப் போறீரோ?" என்றார். பார்த்தேன். சரியாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இரண்டு ரான்தேவுக்கும் அவருக்கு வேலை என்று மரியான் அக்காவுக்கு மெசேஜ் போட்டேன்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். ஏழரைக்கு எழும்பினார். என்னைப் பார்த்து, "காய்ச்சலோ? முகம் கறுத்துக் கிடக்கு" என்றார். கொத்தமல்லி அவித்து, சுடச்சுட ஒரு கோப்பை கொண்டுவந்து கையில் தந்தார். எட்டு மணி. மெற்றோவில் போனால் கோட்டுக்கு நாற்பது நிமிஷம். எட்டேகாலுக்குச் சொன்னாலும் போயிருக்கலாம். எட்டரைக்கு டாக்ஸி பிடித்திருக்கலாம். அவர் சாரத்தோடு நிலத்தில் இருந்து ஒரு தோடம்பழத்தை விரலுக்குள் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு. "இதைப் பாரும், நடுவிரலாலை இழுத்தால் உள்ளுக்கை வரும். அவங்கள் வெளியிலை போகுமெண்டு நினைச்சு விட்டிடுவாங்கள்." நான் பார்த்தேன். ஒரு மாடி எரிகிறது, நீங்கள் எதிர்த்தெருவில் நிற்கிறீர்கள், அப்படித்தான் இருந்தது. நெருப்பு வைத்தது யார் என்று அந்த நேரம் நான் யோசிக்கவில்லை. ஒன்பது மணியானது. கொத்தமல்லியைக் குடித்து முடித்தேன்.

பதினொன்றரைக்கு மரியான் அக்கா எடுத்தா. நடைபாதை இரைச்சல் கேட்டது.

"எங்கப்பா அவர்? வக்கீலம்மா கடைசி வரைக்கும் தள்ளிப் பாத்தாங்க. உடம்பு சரியில்லன்னா சொல்லு, இன்னிக்கே டாக்டர் சீட்டு அனுப்பினா வேற தேதி கேக்கலாம். இன்னிக்கே."

அவர் என்னிடமிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னேன், அவர் இப்போது இங்கே இல்லை, இடம் மாறிவிட்டார், எங்கே என்று தெரியாது என்று. மரியான் அக்கா "அய்யோ, மனுஷா" என்று சொல்லி வைத்துவிட்டா.

"ஆர் தம்பி?"

"போன் கொம்பனி அண்ணை. புது ஒஃபர் ஒண்டாம்."

"வேண்டாமெண்டு சொல்லும். உவங்கள் பிடிச்சால் விடாங்கள்."

இறுதி ஆட்டத்தில் அவர் ஆறு விக்கெட். அந்த உள்ளே வரும் பந்தில் மட்டும் மூன்று. பருவம் முழுக்க முப்பத்தொரு விக்கெட், அறுநூற்றிருபது புள்ளி. கட்ச் தனி. ஆறாவது சுற்றில் எடுத்த ஒரு ஆள் மற்ற ஐந்து பேரையும் தூக்கி நிறுத்தியது எங்கள் ஆள் எடுப்பில் முதல் தடவை. குறூப்பில் இதை எழுதியபோது எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

என் பையை ஓடையிலிருந்து ஜன்னல் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர்தான். "என்ரை தோள்மூட்டிலைதான் உமக்குக் கட்டில் வந்தது. ஒரு நல்ல தேத்தண்ணி போட்டுத் தாரும் பாப்பம்" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

பிறகு ஒரு வேலை மிச்சம் இருந்தது. கோட் முடிவை அனுப்பும். அதுவும் பதிவுத் தபாலில் வரும், அதைக் கண்டால் தவணை எப்போது வந்தது என்று கேட்பார். ஜூலை மாதம் ஒருநாள் வேலைக்குப் போகும்போது, பெட்டியில் ஒட்டியிருந்த அவருடைய பெயரை நகத்தால் உரித்தேன். வெயிலுக்கு உலர்ந்திருந்தது, லேசாக வந்தது. இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று கடிதம் திரும்பிப் போயிருக்கும். அவர் நாளும் கேட்பார், "தம்பி, பெட்டிக்குள்ளை ஏதும்?" என்று. "இல்லை அண்ணை" என்பேன். அது பொய் இல்லை.

ஒக்ரோபரில் றிசிப்பிசே என்கிற தற்காலிக வதிவிடத் தாளைப் புதுப்பிக்கப் போனவரிடம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, உன் வழக்கு எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது, நாட்டை விட்டுப் போ என்று கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். வந்து குசினியில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"லோயரிட்டை ஒருக்கா கேளும் தம்பி. தவணையே வரேல்லை, எப்பிடித் தள்ளுறது? ஏதோ பிழை நடந்திருக்கு."

அவருக்கு முன்னால் போனை எடுத்தேன். எண்ணை அழுத்துகிற மாதிரி அழுத்தினேன். மறுபக்கத்தில் யாரும் இல்லாத போனில் நாலைந்து நிமிஷம் பிரெஞ்சில் கதைத்தேன். இடையில் நிறுத்தி, கேட்கிற மாதிரித் தலையாட்டினேன். பிறகு, இனி ஒன்றும் செய்ய ஏலாதாம் அண்ணை என்றேன். அவர் என் முதுகைத் தட்டினார். "என்னாலை உமக்கும் கரைச்சல்" என்றார். இரத்தினம் அண்ணை அன்றைக்கு அவருக்குத் தன் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார்.

நவம்பரில் கார் து நோர்ட் ரயில் ஸ்ரேசனில் பொலிஸ்காரர் அவரை மறித்தார்கள். விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு தடுப்பு நிலையத்தில் பதினெட்டு நாள். அவருடைய உடுப்புப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான், வீட்டில் வேறு யாரும் போகப் பயந்தார்கள். டிசம்பரில் ஊருக்குப் பிளேன் ஏற்றிவிட்டார்கள். அங்கே இறங்கியதும் விசாரணை என்று யாரோ கூட்டிப்போனது உங்களுக்கும் தெரியும். மூன்றாம் கிழமை வீட்டுக்கு வந்தாராம். வலது கையில் நடுவிரலும் பக்கத்து விரலும் மடங்காதாம். ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறாராம். இதெல்லாம் தர்மிளா அக்கா சொன்னது. அழாமல் சொன்னா.

மாதத்தில் இரண்டு தடவையாவது எடுப்பா. "தம்பி, அந்தக் கடிதம் ஏன் வரேல்லை எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும். அவர் தன்ரை கவலையீனமெண்டு நினைச்சு நினைச்சுச் சாகிறார். எங்கையோ கைதவற விட்டிட்டன், உன்னைக் கூப்பிட வேண்டிய கடிதத்தை நானே துலைச்சிட்டன் எண்டு சுவரோடை கதைக்கிறார். அது அவற்றை பிழை இல்லையெண்டு ஆரும் சொன்னால் காணும், மனுசன் எழும்பிச் சாப்பிடும்." போன கிழமை சொன்னா, வெள்ளிக்கிழமை ஊரில் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறாவாம். கஜனிடம் நீங்கள் கேட்டால் சொல்லுவான் என்று அம்மாவைப் பிடிக்கப் போகிறாவாம்.

அதனால்தான் இன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். துண்டை எடுத்தது நான், போனில் பொய் சொன்னது நான், பெயரை உரித்தது நான். ஒன்றையும் விடவில்லை. சொன்ன பிறகு கொஞ்சம் லேசாக இருக்கிறது. இதை அவவுக்கு அப்படியே சொன்னால் அவவால் தாங்க ஏலாது, அம்மாவுக்கும் அந்த ஒழுங்கையில் தலைநிமிர்ந்து நடக்க ஏலாது. அந்த மனுசி ஏற்கெனவே போதுமான அளவு பட்டுவிட்டா. அவவை நினைத்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே இதை வாசிக்கிறவரிடம், அக்காவோ வேறு யாரோ, ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை தர்மிளா அக்கா வந்தால், இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அந்தத் தவணைக்கு அவர் போயிருந்தாலும் அகதிக் கார்ட் கிடைத்திருக்காது, கேஸ் பலமில்லாத கேஸ் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.